டிவியில் இல்லாத தாய்மாமன்

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் என்னை யாரும் கண்டுகொள்வதில்லை. அண்ணாமலை நகரில் அலுவலகம் முடிந்து, சிதம்பரத்துக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து, வீடு வந்து கைகால் கழுவி உட்காரும் நேரத்தில் டிவியில் ஒரு மாமியார் யாரையாவது முறைத்துக்கொண்டிருப்பாள். என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். விளம்பரம் வந்தால்தான் எனக்குக் காபி வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்கிற தெம்பெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. நானும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், வேறெங்கே போவது.

பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்த ஒரு விஷயம், சீரியலில் எல்லார் வீட்டிலும் ஹாலுக்கு நடுவே மாடிப்படி இருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் படியை வெளியே வைப்பார்கள். மேலே குடிவைக்கலாம், மொட்டைமாடியில் துணி உலர்த்தலாம், வற்றல் போடலாம், கீழே இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லை. இப்போது சிதம்பரத்திலும் கடலூரிலும் எழும்புகிற வீடுகளைப் பாருங்கள், படி ஹாலுக்குள் வந்துவிட்டது. மாமியார்கள் பட்டுப்புடவையில் இறங்கிவருவதற்காம். நிஜத்தில் அதில் ஏறி இறங்குவது ஈரத்துணி வாளிதான். வழியெல்லாம் டைல்ஸில் தண்ணீர் சொட்டி, பின்னால் ஒருவர் துடைத்துக்கொண்டே வர வேண்டும்.

என் தங்கையும் அப்படித்தான் கட்டினாள். அவள் கடலூர் முதுநகரில் இருக்கிறாள். ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் டீச்சர். அவள் புருஷன் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் ஆபரேட்டர். எங்கள் அப்பா கம்மாபுரம் பக்கம் நிலத்தை நம்பிப் பிழைத்தவர். பிள்ளைகள் படித்து வெளியே போனால் போதும் என்று இருந்தார், போனோம். தங்கையும் மாப்பிள்ளையும் கல்யாணமான நாளிலிருந்து ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீட்டில் வெந்து, அவர் இரவு ஷிப்டும் அவள் சாயங்கால டியூஷனுமாக ஓடி ஓடி இந்த வீட்டைக் கட்டினார்கள். ஹாலுக்குள் படி வேண்டும் என்று அவள் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். "எத்தன வருசம் பாத்துக்கிட்டே இருந்தேன், எனக்குன்னு ஒண்ணு வச்சிக்கக் கூடாதா?" என்றாள்.

அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை கட்டியது நான். அப்போது அவர்கள் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் வேலை. தென்னை ஓலையை வெட்டி, பின்னி, வீட்டின் ஒரு மூலையில் சிறு குடிசையாகக் கட்டி, பெண்ணை அதில் உட்காரவைக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்யக் கூடாது, மாமன் கைபட வேண்டும். பைல் கட்டத் தெரிந்த எனக்கு ஓலை பின்ன எங்கே தெரியும். பக்கத்துவீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, கையெல்லாம் கீறிக்கொண்டு ஒருவழியாகக் கட்டினேன். குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், மழ பேஞ்சா பொண்ண வெளிய தூக்கிடுவோம்" என்று சிரித்தார். மஞ்சள் நீராட்டு அன்று மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். முதல் மாலை நான் போட்டேன். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, புது வீடு கட்டியதும் ஹாலில் மாட்டினாள் தங்கை. சின்னவள் அந்த விசேஷத்தின்போது பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. கூட்டத்தில் அழுது அழுது என் மனைவி மடியில் தூங்கிப்போனாள்.

பெரியவள் நன்றாகப் பாடுவாள். மாமன் என்பதால் சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாகப் பாடுவாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு டிவி பாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும் என்று நின்றாள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட், தங்கைக்குப் பள்ளிக்கூடம். நான் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு அழைத்துப்போனேன். விடிவதற்குள் போய் நின்றோம், எங்களுக்கு முன்னால் ஒரு ஊரே நின்றிருந்தது. குழந்தைகளெல்லாம் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

உள்ளே அவளைப் பாடச் சொன்னார்கள், பாடினாள். அடுத்த கேள்வி, "வீட்ல என்ன கஷ்டம்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள்.

கேள்வி கேட்ட பெண் பேனாவைக் கீழே வைத்த விதத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் குரலுக்காக எடுத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். நான் அலுவலகத்தில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் டீக்கடையில் என் தங்கை மகள், என் தங்கை மகள் என்று வாய் ஓயாமல் பேசினேன். எனக்கு வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள அப்படி ஒன்றும் அமைந்ததில்லை, அதனால் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசிவிட்டேன்.

அதற்குப் பிறகு தங்கைக்குத் தினமும் போன் வந்தது. ஸ்டோரி டீம் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். பாட்டைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைக்கு என்ன கஷ்டம், அப்பா குடிப்பாரா, அடிப்பாரா, அம்மா அழுவார்களா, இதே கேள்விகள்தான். தங்கை பாவம், ராத்திரியெல்லாம் யோசித்து மறுநாள் சொல்வாள். அவருக்குப் போன வருசம் டைபாய்டு வந்தது என்றாள். டைபாய்டு போதாது என்றார்கள். புயலில் வாடகை வீட்டுக் கூரை பறந்ததைச் சொன்னாள். அதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. இல்லாத கஷ்டத்தைத் தேடி ஒருத்தி மண்டையை உடைத்துக்கொள்வதை நான் அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் இருந்த கஷ்டத்தை வெளியே தெரியாமல் மறைப்பதற்கு எங்கள் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுப்பு எரியாத நாளிலும் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஒருநாள் வீட்டைப் படம் எடுக்க வருகிறோம் என்றார்கள். எங்கள் சனத்துக்கு, வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் ஒன்றுதான் தெரியும். தங்கை வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாள். சோபாவுக்குப் புது உறை போட்டாள். ஜன்னலுக்கு ஜரிகை வைத்த திரைச்சீலை. மாடிப்படியின் கைப்பிடியைப் பழந்துணியால் தேய்த்துப் பளபளக்க வைத்தாள். பக்கத்துவீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு வந்தது. துறைமுகத்துக்குப் போய் மாப்பிள்ளை வஞ்சிரமும் இறாலும் வாங்கிவந்தார். நானும் மனைவியும் முதல்நாளே போய்விட்டோம். நான் சலவை செய்த வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். வாசலில் நின்று வரவேற்க மாமன் வேண்டாமா.

வேனில் வந்து இறங்கினார்கள். டைரக்டர் என்று ஒரு தம்பி, காதில் ஒரு கருவி மாட்டிய ஒரு பெண், கேமராக்காரர்கள். ஹாலுக்குள் வந்து நின்று, படியைப் பார்த்து, திரையைப் பார்த்து, மேலே சுழன்ற மின்விசிறியையும் பார்த்தார்கள். கடைசியில் அந்தத் தம்பி, "வீடு ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னது.

தங்கை முகம் சுண்டிப்போய்விட்டது. என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. டிவியில் பார்த்ததைத்தான் கட்டினாள், டிவிக்காரர்களுக்கே பிடிக்கவில்லை.

பிறகு அவர்களுக்குள் பேசிக்கொண்டு, வேறு இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதில் இப்போது கட்டட வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் குடியிருந்தார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு அங்கே போனோம். டைரக்டர் தம்பிக்கு அந்தச் சுவரைப் பார்த்ததும் முகத்தில் உயிர் வந்தது. அழுக்கு, கரி, கொடியில் தொங்கும் துணி, எல்லாம் அப்படியே இருக்கட்டும், எதையும் தொடாதீங்க என்று ஓடியாடிச் சொன்னது. சின்னவளை ஓரமாகச் சாக்கில் உட்காரவைத்தார்கள். தங்கை புதுப்புடவையைக் களைந்து, சாயம் போன நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்தார், யூனிபார்மில். அதைப் பார்த்ததும் தம்பி கையை ஆட்டியது.

"யூனிபார்ம் வேணாம் சார். சம்பளக்காரர் மாதிரி தெரியிறீங்க."

"சம்பளக்காரந்தான் தம்பி" என்றார் மாப்பிள்ளை.

அவரைக் கைலியும் பனியனுமாக்கி, முதுகு தெரியும்படித் திரும்பி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசாதவர். அன்று அந்த முதுகைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வைத்துத்தான் காதில் கருவி மாட்டிய பெண் என்னை யாரென்று கேட்டாள். "தாய்மாமன்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்தேதான் சொன்னேன். அவள் முகம் மாறியது. சொந்தத் தாய்மாமனா, ஒன்றுவிட்டதா என்று கேட்டாள். சொந்தம் என்றேன். "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போனாள். அவளும் டைரக்டர் தம்பியும் என் தங்கையிடம் பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

புது வீட்டுக்குத் திரும்பியதும் தங்கை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. வரப்போகும் சுற்றுக்கு ஒரு நகைக்கடைதான் ஸ்பான்சர். அந்தச் சுற்றுக்குப் பெயரே தாய்மாமன் சீர். கடை முதலாளியே மேடைக்கு வந்து, சீர் கிடைக்காத ஒரு பெண்ணுக்குத் தாய்மாமனாக நின்று சீர் செய்வார். அந்தப் பெண்ணாக நம் பிள்ளையை யோசித்திருக்கிறார்கள்.

"சீரு கெடைக்கலன்னு யாரு சொன்னா?" என்றேன்.

"அண்ணா, டிவிக்கு மட்டுந்தான். அதுல சொன்னா நீ இல்லன்னு ஆயிடுவியா?"

"என்னன்னு சொல்லப் போறீங்க? செத்துட்டன்னா?"

"அப்டிலாம் இல்ல. மாமா இல்லன்னு மட்டும் சொல்லுவா. அதுவே போதும்ங்கறாங்க."

"மாமன் இருந்தா பாட்டு வராதா?"

"மாமன் இருக்கறவளுக்கு அவரு எப்பிடிண்ணா மாமனா வருவாரு?" என்றாள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒருவன் இடத்தில் இன்னொருவன் உட்கார வேண்டுமென்றால் முதலில் அது காலியாக இருக்க வேண்டும். அப்போது பெரியவள் வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "மாமா, ஒங்களுக்கு வேணாம்னா நான் போகல" என்றாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள், அதுதான் எனக்குச் சங்கடம். நான் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை நின்றுவிடும். அப்புறம் காலத்துக்கும் நான்தான் குறுக்கே நின்றவன்.

"போய்ப் பாடு" என்றேன்.

வந்தவர்கள் எல்லாரும் பீங்கான் தட்டில் வஞ்சிரமும் இறாலும் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு பிரமாதம் ஆன்ட்டி என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். போவதற்கு முன்னால், ஹாலில் இருந்த அந்தப் போட்டோவைக் கழற்றி வைத்துவிடுங்கள், பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால் பிரச்சினை என்றாள் காதில் கருவி மாட்டிய பெண். மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாடி அறையில் கட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார்.

சென்னையில் படப்பிடிப்புக்கு நான் போகவில்லை, போகவும் கூடாது. ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் வீட்டில் இருந்தேன். என் மனைவிக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்தே என் தங்கை மேல் ஆத்திரம். பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசியில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதலில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீட்டைக் காட்டினார்கள், கறுப்பு வெள்ளையில். வெளியே மழை பெய்கிற சத்தம் வைத்திருந்தார்கள். நாங்கள் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளையின் முதுகைக் காட்டி, தினக்கூலி வேலைக்குப் போகும் தந்தை என்றார்கள். என் தங்கை டீச்சர் என்று எங்கேயும் வரவில்லை. பிறகு பெரியவள் பாடினாள். அப்படி ஒரு பாட்டை அவள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. நடுவர்கள் எழுந்து நின்றார்கள். உடனே விளம்பரம் வந்தது. அதே நகைக்கடை, அதே முதலாளி, கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் முடிந்து வந்தால் மேடையில் ஒரு பச்சை ஓலைக் குடிசை நின்றது. கொஞ்சமும் சாயாத, அளவெடுத்துப் பின்னிய குடிசை. சுற்றிலும் மல்லிகைச் சரமும் சின்ன விளக்குகளும். தொகுப்பாளினி பெரியவள் தோளில் கைபோட்டு, உனக்கு இப்படி யாரும் கட்டவில்லையா என்று கேட்டாள்.

"எனக்கு மாமா இல்ல" என்றாள் பெரியவள். "வயசுக்கு வந்தப்ப ஓல கட்டக் கூட யாரும் வரல. எங்க அப்பாதான் பழைய பொடவையக் கட்டி மறச்சி என்ன ஒக்கார வச்சாரு."

பழைய புடவை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் சொன்னதில் அது இல்லை. ஆனால் அவள் அழுதாள். குரல் உடைந்து, மூக்கு சிவந்து, தங்கை சின்ன வயதில் அழுவதைப் போலவே அழுதாள். முதலாளி தட்டுகளோடு மேடைக்கு வந்தார். இனிமேல் உனக்கு நான்தான் தாய்மாமன் என்று அவள் கழுத்தில் மாலை போட்டார். அவர் கடையின் பெயர் எழுதிய பெட்டிகள் வரிசையாக வந்தன. பட்டு, நகை, குத்துவிளக்கு, கேமராவைப் பார்க்கத் திருப்பிவைத்த தட்டுகள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு அழுவுறீங்க?" என்றாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கன்னமெல்லாம் ஈரம். அவமானத்தில் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது இல்லை. ஓலை கட்ட ஆளில்லாத அந்தப் பெண்ணை நினைத்துத்தான் அழுதேன். பாவம், இப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு மாமன் இல்லாமல் போய்விட்டானே என்று அழுதிருக்கிறேன். இது புரிந்ததும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே மங்கலம்பேட்டையிலிருந்து என் அத்தை போன் செய்தார். அப்பாவின் தங்கை, எங்கள் குடும்பத்தில் எல்லா விசேஷத்திலும் முன்னால் நிற்பவர். எடுத்த எடுப்பில், "ஒரு ஓல கட்டக் கூடவாடா ஒனக்கு மனசு வரல?" என்றார்.

"அத்த, நீங்கதான வந்து தட்டு தூக்கனீங்க" என்றேன். "பந்தியில ஒக்காந்து சாப்ட்டீங்க. ஓல சாஞ்சிருக்குன்னு நீங்கதான மொதல்ல சொன்னீங்க."

"வந்தேன், வர்லங்கல" என்றார் அத்தை. "ஆனா அந்தப் பொண்ணு அழுவுதேடா. பொய்யாவா அழுவும்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அத்தைக்கு மறதி இல்லை, யார் வீட்டுக் கல்யாணத்தில் எந்தக் கூட்டில் உப்பு குறைந்தது என்று இன்றைக்கும் சொல்வார். தன் கண்ணால் பார்த்ததும் கையால் தூக்கியதும் ஞாபகம் இருந்தது. இருந்தும் டிவியில் பார்த்ததுதான் பெரிதாகிவிட்டது. அவரைச் சொல்லி என்ன, நான் என்ன லட்சணம்.

அலுவலகத்தில் வேறு மாதிரி ஆயிற்று. மாதக்கணக்கில் என் தங்கை மகள் என்று அளந்துவிட்டிருந்தேன் அல்லவா. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் டீ குடிக்கும்போது, தங்கச்சி கூடப் பேச்சுவார்த்தை விட்டுப்போச்சா சார் என்று ரகசியமாக விசாரித்தார். ஆமாம் என்பதா இல்லை என்பதா. தலையை ஆட்டிவைத்தேன். மாப்பிள்ளையின் தொழிற்சாலையில் யூனியன்காரர்கள் வந்து, என்னப்பா உனக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லையா என்று கேட்டார்களாம். அதன் பிறகு அவர் ஷிப்ட் முடிந்தால் யாரோடும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுவதாகத் தங்கை சொன்னாள்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வேறு வேலை என்ன இருக்கிறது, விளம்பர இடைவேளையில் யோசிப்பேன். ஒரு மனுஷனும் மனுஷியும் இத்தனை வருசம் ஷிப்ட் பார்த்து, டியூஷன் எடுத்து ஒரு வீடு கட்டியதை டிவியில் காட்ட முடியாது. அதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. உழைத்தான், மெதுவாக மேலே வந்தான் என்றால் நடுவில் ஸ்பான்சருக்கு எங்கே இடம்? அதனால் முதலில் ஆளைக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. சம்பளத்தைப் பிடுங்கி, கூரையைப் பிடுங்கி, மாமனைப் பிடுங்கி, வெறும் ஆளாக மேடையில் நிறுத்திய பிறகு, ஒரு முதலாளி வந்து எல்லாவற்றையும் தன் கடைப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பார்க்கிற நாமும் அழுதுகொண்டே கைதட்டுகிறோம், அடுத்த விசேஷத்துக்கு அதே கடைக்குப் போகிறோம். என் மனைவியும் போனாள். அந்தக் கடையில் சேதாரம் ஜாஸ்தி என்று திட்டிக்கொண்டே வாங்கி வந்தாள்.

பெரியவள் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறினாள். கதை தீர்ந்துவிட்டது போல. ஆனால் ஊரில் பேர் வந்தது. கோயில் திருவிழாக் கச்சேரி, கடை திறப்பு விழா என்று கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் தாய்மாமன் கதையைச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் பாடச் சொன்னார்கள். சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தக் கதை கொஞ்சம் வளர்ந்தும்விட்டது என்று கேள்விப்பட்டேன். யூடியூப் ஆட்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வருவதால் அந்தப் போட்டோ கட்டிலுக்குப் பின்னாலேயே இருந்தது. அது இருந்த இடத்தில் மேடையில் முதலாளி மாலை போடும் படம் வந்தது. கடைக்காரர்களே சட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கடலூர் வரை போய்ச் சண்டை போடுகிற வயசு போய்விட்டது. போன் வந்தால் பேசினேன். பொங்கலுக்குக் கூடப் பிறந்தவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். பெரியவள் பேசும்போது மாமா மாமா என்று முன்பைவிட ஜாஸ்தி குழைந்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்திருக்கும், வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. டிவியில்தான் அவளுக்கு அழ வந்தது.

ரொம்ப நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் முதுநகர் போனேன். மாப்பிள்ளை ஷிப்டில் இருந்தார். தங்கை சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஏதோ பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்ததும் சின்னவள் போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். இப்போது நாலாவது படிக்கிறாள். போனில் அந்த நிகழ்ச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மனப்பாடம், தொகுப்பாளினி பேசுவதற்கு முன்பே இவள் உதடு அசைந்தது. அக்கா அழும் இடம் வந்ததும் போனை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். வெகுநாளாகக் கேட்க நினைத்து வைத்திருந்ததைக் கேட்கிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"அக்காவுக்கு யாருமே ஓல கட்டலியாமே மாமா" என்றாள். "எனக்காச்சும் நீங்க கட்டுவீங்களா?"

சமையலறையில் மிக்ஸி நின்றது. தங்கை வெளியே வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. பெரியவள் காதில் இருந்ததைக் கழற்றி எங்களைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறி மேலே போய்விட்டாள்.

"கட்றேன்மா" என்றேன்.

சின்னவளுக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளங்கையை நீட்டிச் சத்தியம் கேட்டாள். அடித்துக் கொடுத்தேன்.